இன்வாய்ஸ் மெயில் ஜிமெயிலுக்குப் போகாமல் திரும்பி வருகிறது (550 5.7.26). யாராவது வழி சொல்லுங்கள்

நூல்கண்டு:
வணக்கம். திருப்பூரில் சின்ன பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். ஆபீஸில் நான்கு கம்ப்யூட்டர், சொந்த டொமைன், கூகுள் வொர்க்ஸ்பேஸ் மெயில். நான்கு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை.

பத்து நாளாக இரண்டு பிரச்சினை. பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து போகும் இன்வாய்ஸ், ஜிமெயில் வைத்திருக்கும் பார்ட்டிகளுக்குப் போய்ச் சேருவதே இல்லை; ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுகிறது. அனுப்பியவர் யாரென்று உறுதியாகவில்லை, எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் கையால் டைப் செய்து அனுப்பும் மெயில் திரும்பி வருவதில்லை, ஆனால் நேராக ஸ்பாமுக்குப் போகிறது. டென்மார்க் பையர் ஒருவர் என் கொட்டேஷனை ஒன்பது நாள் கழித்து ஸ்பாமில் பார்த்திருக்கிறார். அதற்குள் நூல் விலை ஏறிவிட்டது.

பாஸ்வேர்டு மாற்றியாயிற்று, வைரஸ் ஸ்கேன் ஓட்டியாயிற்று. ஹோஸ்டிங் ஆட்களைக் கேட்டால் கூகுளைக் கேளுங்கள் என்கிறார்கள். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் புது ரூல் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் அனுப்புவது நாற்பது கூட இருக்காது. எங்களை ஏன் பிடிக்கிறார்கள்?

கலர்லேப்:
எங்களுக்கும் ஒரு தடவை ஸ்பாமுக்குப் போனது. வாங்குகிற பார்ட்டி எல்லாரையும் ‘ஸ்பாம் இல்லை’ பட்டனை அழுத்தச் சொல்லுங்கள், சரியாகிவிடும். இல்லையென்றால் வாட்ஸ்அப் பிசினஸில் அனுப்பிவிட்டுப் போங்களேன், இந்தக் காலத்தில் மெயில் யார் பார்க்கிறார்கள்?

நூல்கண்டு:
சாம்பிள் போட்டோ, சாயக் கலர், லாரி கிளம்பிய விஷயம் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் போகிறது சார். ஆனால் பையரின் அக்கவுன்ட்ஸ் ஆட்கள் மெயிலில் வராத இன்வாய்ஸைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சர்வர்ரூம்:
‘ஸ்பாம் இல்லை’ பட்டன் ஸ்பாமுக்குப் போகும் மெயிலுக்கு ஓரளவு உதவும். 550 என்பது வாசலிலேயே திருப்பி அனுப்புவது. பார்ட்டியின் பெட்டிக்குள்ளேயே வராத மெயிலில் அவர் எந்தப் பட்டனை அழுத்துவார்?

5,000 விஷயம் பாதி சரி. கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்த விதிகளில் இரண்டு அடுக்கு உண்டு. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வரெல்லாம் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது மெயிலில் விழும் டிஜிட்டல் கையெழுத்து. இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று வாங்கும் சர்வருக்குச் சொல்வது டிமார்க். விளம்பர மெயில் என்றால் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. மற்ற எல்லாருக்கும், அதாவது நாற்பது மெயில் அனுப்பும் உங்களுக்கும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும். உங்கள் இன்வாய்ஸ் இரண்டிலும் தோற்கிறது போலிருக்கிறது.

ஊகித்துக்கொண்டிருப்பதை விடப் பார்த்துவிடலாம். நீங்கள் கையால் அனுப்பிய ஒரு மெயிலை ஏதாவது சொந்த ஜிமெயில் கணக்கில் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஷோ ஒரிஜினல்’ போங்கள். மேலே சின்ன அட்டவணை இருக்கும். அதில் உள்ள வரிகளை அப்படியே இங்கே எழுதுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: பத்து நாளைக்கு முன்னால் என்ன மாற்றினீர்கள்?

நூல்கண்டு:
எஸ்பிஎஃப்: பெர்ம்எரர்.
டிகிம்: பாஸ். ஆனால் எங்கள் டொமைன் பெயருக்குப் பின்னால் ஏதோ கேப்ஸ்எஸ்எம்டிபி என்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது.
டிமார்க் என்ற வரியே இல்லை.

மெயிலில் எதுவும் மாற்றவில்லை அண்ணா. வெப்சைட்டை மட்டும் வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம். பழையவர்கள் ரின்யூவல் ரேட்டை ஏற்றிவிட்டார்கள். வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சொல்லவில்லை.

சர்வர்ரூம்:
சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. வெப்சைட்டோடு நேம் சர்வரையும், அதாவது டொமைன் விவரங்களை வைத்திருக்கும் சர்வரையும், மாற்றியிருப்பீர்கள். டொமைனின் டிஎன்எஸ், அதாவது அந்த விவரப் பதிவேடு, முழுக்கப் புது இடத்துக்கு வந்துவிட்டது. அங்கே கன்ட்ரோல் பேனலில் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து, டெக்ஸ்ட் ரெக்கார்டுகளில் ‘வி=எஸ்பிஎஃப்1’ என்று தொடங்கும் வரி எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள்.

நூல்கண்டு:
இரண்டு. ஒன்றில் கூகுள் பெயர் இருக்கிறது, இன்னொன்றில் ஹோஸ்டிங் கம்பெனி சர்வர். நான் போட்டது கூகுள் ஒன்றுதான். மற்றது தானாகவே இருந்தது. இரண்டு இருந்தால் டபுள் பாதுகாப்பு என்று விட்டுவிட்டேன்.

சர்வர்ரூம்:
பிடித்துவிட்டோம். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் எதை நம்புவது என்று பார்க்காமல் இரண்டையும் தள்ளிவிடுவார்கள். பெர்ம்எரர் என்பது அதுதான். கோவிலில் இரண்டு உண்டியல் வைக்கலாம், ஒரு வீட்டுக்கு ரேஷன் கார்டு இரண்டு வைக்க முடியாது.

கையால் அனுப்பும் மெயிலுக்கு கூகுளின் பொதுக் கையெழுத்து விழுகிறது. நீங்கள் பார்த்த கேப்ஸ்எஸ்எம்டிபி அதுதான். அந்தக் கையெழுத்து தேறுவதால் திரும்பி வரவில்லை. ஆனால் உங்கள் பெயரில் இல்லாததால் மதிப்புக் குறைவு. பில்லிங் சாஃப்ட்வேர் எந்த சர்வர் வழியாக அனுப்புகிறது? ஹோஸ்டிங் சர்வர் வழியாக என்றால் அதற்குக் கையெழுத்தே இல்லை. எஸ்பிஎஃப்பும் செத்துவிட்டதால் 550.

செய்ய வேண்டியது: இரண்டு வரியையும் ஒன்றாகச் சேருங்கள். ‘வி=எஸ்பிஎஃப்1’ தொடக்கம் ஒரு தடவை, நடுவில் கூகுளுக்கு ஒன்று, ஹோஸ்டிங்குக்கு ஒன்று என இரண்டு இன்க்ளூட், கடைசியில் ‘ஆல்’ ஒரு தடவை. இன்னொரு வரியை அழித்துவிடுங்கள். நாளைக்கு நியூஸ்லெட்டர், சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரம் வைக்கும் சாஃப்ட்வேர்) என்று இதில் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். ஒரு எஸ்பிஎஃப்பைச் சரிபார்க்கும்போது டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டினாலும் இதே பெர்ம்எரர்தான்.

பழைய தபால்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சிலர் எஸ்பிஎஃப் தேறிவிட்டது, இன்னும் ஸ்பாமுக்குப் போகிறது என்று புலம்புவார்கள். மெயிலுக்கு இரண்டு முகவரி உண்டு. கவருக்கு வெளியே இருக்கும் அனுப்புநர் முகவரி ஒன்று, உள்ளே லெட்டர்ஹெட்டில் இருப்பது இன்னொன்று. எஸ்பிஎஃப் பார்ப்பது கவரை. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது லெட்டர்ஹெட். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது லெட்டர்ஹெட்டில் இருக்கும் அதே டொமைன் பெயரில் தேறியதா என்று டிமார்க் கேட்கிறது. அதனால் சொந்தப் பெயரில் டிகிம் போடாமல் நிறுத்தாதீர்கள். இன்னொன்று, பார்ட்டி உங்கள் மெயிலை வேறு கணக்குக்குத் தானாக ஃபார்வர்டு செய்து வைத்திருந்தால் எஸ்பிஎஃப் உடைந்துவிடும். டிகிம் பெரும்பாலும் தாங்கும்.

நூல்கண்டு:
எஸ்பிஎஃப்பைச் சேர்த்துவிட்டேன். டிடிஎல் (பழைய வரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 14400 விநாடி என்று இருந்தது, நான்கு மணி நேரமாம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பெர்ம்எரர் போய் பாஸ் வந்துவிட்டது. இன்வாய்ஸும் போகிறது!

ஆனால் டிகிம் உட்காரவில்லை. கூகுள் அட்மின் கன்சோலில் கீ (கையெழுத்தைச் சரிபார்க்கும் நீளமான எழுத்துச் சரம்) உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் ஒட்டி, ‘ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்’ அழுத்தினால் ரெக்கார்டு சரியில்லை என்கிறது. ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன், அப்படியே இருக்கிறது.

சர்வர்ரூம்:
2048 பிட் கீயா? டிஎன்எஸ் பேனலில் ஒட்டிய பிறகு அதன் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். ஏ-க்யூ-ஏ-பி என்று முடிய வேண்டும்.

நூல்கண்டு:
இல்லை. நடுவழியில் அறுந்து நிற்கிறது.

சர்வர்ரூம்:
டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் எல்லை. 2048 பிட் கீ கிட்டத்தட்ட 400 எழுத்து வரும். நல்ல பேனல் தானே இரண்டாக வெட்டி வைத்துக்கொள்ளும். உங்கள் பேனல் மிச்சத்தை விழுங்கிவிட்டது, எரர்கூடக் காட்டாமல். தனித்தனி மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாக, ஒரே ரெக்கார்டில் போட்டுப் பாருங்கள். அதையும் ஏற்காவிட்டால் கன்சோலில் 1024 பிட் கீ உருவாக்கிக்கொள்ளலாம்.

கலர்லேப்:
நானும் சும்மா என்னுடையதைத் திறந்து பார்த்தேன். எங்களுக்கும் டிமார்க் வரியே இல்லை. ஒரேயடியாக ‘ரிஜெக்ட்’ போட்டுவிட்டால் எங்கள் பெயரில் எவனும் போலி மெயில் அனுப்ப முடியாதுதானே?

பழைய தபால்:
அவசரப்படாதீர்கள். முதலில் ‘நன்’ (எதையும் தடுக்காதே) போட்டு, ரிப்போர்ட் வருவதற்கு ஒரு முகவரி கொடுங்கள். தினமும் ஜிப் ஃபைலாக வரும், மனுஷன் படிக்கிற மாதிரி இருக்காது. ஆனால் உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்புகிறது என்று அதில்தான் தெரியும். வெப்சைட் என்கொயரி ஃபார்ம், சம்பள ஸ்லிப் அனுப்பும் சாஃப்ட்வேர் என்று மறந்துபோன நாலு இடம் வெளியே வரும். அதையெல்லாம் சரி செய்த பிறகு ‘குவாரன்டைன்’ (ஸ்பாமுக்குத் தள்ளு), அப்புறம்தான் ‘ரிஜெக்ட்’ (திருப்பி அனுப்பு). முதல் நாளே ரிஜெக்ட் போட்டால் உங்கள் சம்பள ஸ்லிப்பை நீங்களே தடுத்துக்கொள்வீர்கள்.

அவுட்லுக், ஹாட்மெயில் பார்ட்டிகள் இருக்கிறார்களா? மைக்ரோசாஃப்டும் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இதே மூன்றையும் 2025 மே 5 முதல் கேட்கிறது. அதே நாளில்தான் ஸ்கைப்பையும் மூடினார்கள். பதினைந்து வருஷம் பையரோடு அதில் பேசியவன் நான், அதனால் தேதி மறக்கவில்லை.

நூல்கண்டு:
இரண்டு துண்டாகப் போட்டேன், டிகிம் உட்கார்ந்துவிட்டது. பில்லிங் சாஃப்ட்வேரையும் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து எடுத்து வொர்க்ஸ்பேஸ் வழியாகவே அனுப்பும்படி மாற்றிவிட்டேன். சாதாரண பாஸ்வேர்டை ஏற்கவில்லை. அக்கவுன்ட்ஸ் கணக்குக்கு இரண்டு படி சரிபார்ப்பு போட்ட பிறகு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு கிடைத்தது, அதைப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. டிமார்க் ‘நன்’னில் இருக்கிறது. முதல் ரிப்போர்ட் இன்று காலை வந்தது. என்கொயரி ஃபார்ம் இன்னும் ஹோஸ்டிங் சர்வர் வழியாகத்தான் போகிறது என்று அதில் தெரிந்தது. அதை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

ஷோ ஒரிஜினலில் மூன்றும் பாஸ். டென்மார்க் பையருக்குப் புது கொட்டேஷன் அனுப்பினேன், இன்பாக்ஸிலேயே விழுந்து இருபது நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. பழைய விலைக்கே தர முடியுமா என்று கேட்கிறார்.