‘ஜம்பர்’ கம்பிக்குத் தமிழ்: தாவுகம்பியா, புறவழிக்கம்பியா?

அனைவருக்கும் வணக்கம்.

> அழைப்பு மணிப் பெட்டியின் இரு முனைகளையும் இணைக்கும் சிறு கம்பிக்குத் ‘தாவுகம்பி’ என்றே வைத்துவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

மேலூர் ஐயா சொல்வதில் சுருக்கம் உண்டு. ஆனால் அந்தக் கம்பியில் எதுவும் தாவுவதில்லை. கரண்ட் தாவுகிறது என்றாலே நம் ஆட்களுக்குப் பொறி பறப்பதுதான் நினைவுக்கு வரும். கம்பி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். திருநகரில் என் அத்தை வீட்டு வாசலில் மாட்டிய கேமரா மணியை வைத்தே சொல்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் அனுப்பியது. 16 முதல் 24 வோல்ட் வரை ஏசி மின்சாரத்தில் (மாறுதிசை மின்னோட்டத்தில்) ஓடும். அந்த ஊர் வீடுகளில் அழைப்பு மணிக்கென்றே சின்னதாக ஓர் இறக்கு மின்மாற்றி இருக்கும். நம் வீட்டு டிங்டாங் நேராக 230 வோல்ட்டில் அடிக்கும். எலக்ட்ரீசியன் தம்பி விவரமானவர். கேமராவை 230-இல் கொடுத்துக் கருக்கவில்லை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு 12-0-12 மின்மாற்றி வாங்கி, நடு வயரை விட்டுவிட்டு ஓரத்து வயர் இரண்டையும் எடுத்தார். 24 வோல்ட் வந்தது. அப்புறம் பெட்டிக்குள் இருந்த படத்தைப் பார்த்து மின்மாற்றி, மணி, கேமரா மூன்றையும் ஒரே வளையமாகக் கோத்தார். படத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் படத்தில் இருந்தது குறைந்த வோல்ட் மணி. சுவரில் இருந்ததோ பழைய 230 வோல்ட் டிங்டாங்.

விளக்கு மினுக்கும், அணையும், மறுபடி மினுக்கும். “ரிப்பேரான சாமானைத் தலையில கட்டிட்டாங்களோ” என்று அத்தைக்குச் சந்தேகம். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து மின்மாற்றி முனையில் பார்த்தால் 24-க்குக் குறைவில்லை. கேமரா உயிர் பெறப் பார்க்கும் அந்த நொடியில் வாசல் முனையில் பார்த்தால் பாதிகூட இல்லை. இடையில் மறித்து நிற்பது மணியின் சுருள்தான். 230 வோல்ட்டுக்கென்று சுற்றிய சுருளில் கம்பி மெல்லிசு, சுற்று ஏராளம். மின்தடையும் அதற்கேற்ப அதிகம். மெயினை அணைத்துவிட்டு, மணியின் இரண்டு திருகுகளுக்கும் நடுவே விரல் நீளக் கம்பி ஒன்றை முறுக்கினார் தம்பி. “இப்ப அமுக்கிப் பாருங்கம்மா” என்றார். வாசலில் நின்ற அத்தையின் முகம் கேமரா வழியாகப் போனில் தெரிந்தது.

ஆக, கரண்ட் மணிக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறது. இதற்கு நம்மிடம் பலகையில் எழுதிய சொல்லே இருக்கிறது: புறவழிச்சாலை. ஊருக்குள் நுழையாமல் போகும் வழி. எனவே புறவழிக்கம்பி. (காளவாசலிலிருந்து பழங்காநத்தம் போகும் பைபாஸ் ரோட்டை வைத்து இதைப் புரிந்துகொள்ள முயலாதீர்கள். இன்று அதற்கே ஒரு புறவழி வேண்டும்.)

‘குறுக்குக்கம்பி’ என்று சிவகங்கை அம்மா சொன்னது எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் குறுக்குச்சுற்று என்ற சொல் ஏற்கெனவே ஆபத்துக்குப் பெயராக இருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு குறுக்கு வந்தால் குழப்பம்தான். செய்தித்தாள்கள் ஷார்ட் சர்க்யூட்டையும் மின்கசிவு என்றே எழுதிப் பழக்கிவிட்டன. இருக்கிற குழப்பமே போதும்.

வினையாக்கியும் பார்த்தேன். ‘மணிக்குப் புறவழி போட்டாச்சா?’ என்று போனில் கேட்க முடிகிறது. ‘தாவுகம்பி போட்டாச்சா?’ என்றால் எதைத் தாண்டி என்று திரும்பக் கேட்க வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. கேமரா சரியானதும் அத்தையின் அடுத்த புகார், டிங்டாங் அடிக்கவில்லை என்பது. புறவழி போட்டால் மணி அடிக்காது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அந்த மணியை வளையத்திலிருந்து கழற்றி, பழையபடி 230 வோல்ட்டில் தனி சுவிட்சோடு விட்டுவிட்டார் தம்பி.

உள்ளே அடிக்கும் மணிக்கு ‘உள்மணி’ போதும். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

—

(மேலே உள்ளதற்கு இன்னொருவர் எழுதிய பதில்)

> புறவழி போட்டால் மணி அடிக்காது

‘புறவழிக்கம்பி’ என்ற சொல் எனக்குச் சம்மதம், ஆனால் எல்லாக் கேமரா மணி மாதிரிக்கும் இந்தக் கம்பியைப் போட்டுவிடக் கூடாது ஐயா. சில பழைய மாதிரிகளில் பொத்தானை அமுக்கினால் கேமரா தன் இரு முனைகளையும் உள்ளுக்குள் சேர்த்துவிடும். உள்மணியை அடிக்க வைப்பதே அப்படித்தான். நடுவில் மணி இல்லாமல் வெறும் கம்பி மட்டும் இருந்தால் மின்மாற்றிக்கு நேர் குறுக்குச்சுற்று. அவற்றுக்கு மணி இருக்க வேண்டிய இடத்தில் 25 ஓம், 50 வாட் மின்தடை ஒன்றைப் போடச் சொல்வார்கள். 24 வோல்ட்டில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1 ஆம்பியர், 23 வாட் சூடு. அதனால்தான் அவ்வளவு தடிமன். அதையும் புறவழி என்றால் கடைக்காரர் துண்டுக் கம்பியைத்தான் எடுத்துக் கொடுப்பார். மணிக்குப் பதிலாக நிற்பதால் ‘மணிப்பதிலி’ என்று தனிப்பெயர் வைக்கலாம் என்பது என் யோசனை. மேலூர் ஐயா என்ன சொல்கிறார்?