இந்தப் பொடி மே பூச்சி எது? ட்ரவுட் மீன் இதையே தின்கிறது, என் ஃப்ளையைத் தொடவில்லை

நீர்க்காகம்:
அவசரம், நாளைக் காலை திரும்பப் போகிறேன். ஓடை முழுக்கப் பொடிப் பொடியாக வெள்ளை மே பூச்சி. நடுவில் கருப்பாகவும் சில இருக்கின்றன, இரண்டு இனமோ என்னவோ. ட்ரவுட் எல்லாம் மூக்கை மட்டும் நீட்டி இதையே உறிஞ்சுகின்றன. பூச்சி மாதிரி கொக்கியில் கட்டின என் ஃப்ளையை ஒன்றுகூடச் சீண்டவில்லை. இரண்டு மணி நேரம் வீண். படம் போட்டிருக்கிறேன், பெயர் சொல்லுங்கள்.

மீன்கொத்தி77:
படத்தில் உங்கள் கட்டைவிரல் அருமையாக வந்திருக்கிறது. அதன் மேல் ஒரு மங்கல், அதுதான் பூச்சி போல. எந்த ஊர், எந்த ஓடை, எத்தனை மணிக்கு?

தேம்ஸ் தமிழன்:
இது கேனிஸ் என்கிற மே பூச்சி வகை. இங்கிலாந்தில் இதற்குத் 'தூண்டில்காரன் சாபம்' என்றே பெயர். சாயங்காலம் மேகம் மாதிரி வரும், மீன் வயிறு முட்டத் தின்னும், நாம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவோம்.

கொக்கிமணி:
பேட்டிஸ் வகைதான். 18ஆம் எண் கொக்கியில் (எண் ஏற ஏறக் கொக்கி சிறுக்கும்) ஒரு ப்ளூ விங்ட் ஆலிவ் ஃப்ளை போடுங்கள். எனக்கு அது கைவிட்டதே இல்லை.

பேராசான்:
வெள்ளை, பொடி என்பதெல்லாம் அடையாளமா? கோலமாவும் வெள்ளையாக, பொடியாகத்தான் இருக்கும். வால் இழை இரண்டா மூன்றா? பின்னிறக்கை உண்டா? வாலை விட்டு உடல் எத்தனை மில்லிமீட்டர்? இது இல்லாமல் கேட்பவரும் தப்பு, பதில் சொல்பவரும் தப்பு. இதைப் பலமுறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கிற பழக்கம்தான் போய்விட்டதே.

வல்லநாட்டான்:
இது நம்ம ஊர் ஈசல்தானே? ஒரு நாள் பறந்துவிட்டுச் சாகும்.

பேராசான்:
இல்லை. ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். புற்றிலிருந்து வரும், நான்கு இறக்கையும் ஒரே நீளம், நீண்ட வால் இழை கிடையாது. மே பூச்சி தண்ணீரிலிருந்து வருவது. சொந்தபந்தமே இல்லை.

வல்லநாட்டான்:
ஈசலைப் பொரியோடு வறுத்துத் தின்று வளர்ந்தவன் சார் நான், கறையான் என்று தெரியாதா? தமிழில் இதற்கு வேறு பேர் இருந்தால் சொல்லுங்கள் என்பதுதான் கேள்வி. ஆகஸ்டிலும் பறக்கிறதை 'மே' பூச்சி என்கிறீர்களே, அது மட்டும் சரியா?

கொக்கிமணி:
'ஒருநாள் பூச்சி' என்று சிலர் எழுதுகிறார்கள்.

மீன்கொத்தி77:
அதுவும் முழுசாகச் சரியில்லை. இறக்கையோடு வாழ்வதுதான் சில மணி நேரமோ ஓரிரு நாளோ. அதற்கு முன் நிம்ஃபாக, அதாவது இளம்பருவத்தில், தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில், பல இனங்களில் மாதக்கணக்கில் கிடக்கும். சரி, கேட்டவர் எங்கே?

நீர்க்காகம்:
மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். ஸ்ப்ரிங் க்ரீக், பென்சில்வேனியா, பெல்ஃபான்ட் பக்கம். வேறு எங்கே போவேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நேற்றுக் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை. கார் கண்ணாடியில் ஒட்டியிருந்ததை எடுத்துப் பார்த்தேன்: வால் மூன்று, இறக்கை ஒரு ஜோடி, உடம்பு 4 மி.மீ. இருக்கலாம். நெஞ்சு கருப்பு. நான் போட்டது 16ஆம் எண் ஃப்ளை.

கொக்கிமணி:
மூன்று வாலா? பேட்டிஸுக்கு இரண்டுதான். வாபஸ்.

மீன்கொத்தி77:
ட்ரைக்கோ. முழுப்பெயர் ட்ரைக்கோரித்தோடெஸ். அந்த ஓடையில் ஆகஸ்ட் காலை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேச்சே வந்திருக்காது.

நீங்கள் பார்த்தது இரண்டு இனமாக இருக்காது. முழுக்கக் கருப்பு ஆண், வெள்ளை வயிறு பெண். ஆண்கள் பெரும்பாலும் முந்தின இரவே தண்ணீரை விட்டு ஏறிவிடும், பெண்கள் விடியலில் வரும். ஏறினதும் வேலை முடியாது, இன்னொரு முறை சட்டை உரிக்க வேண்டும். பறக்கும் இறக்கை வந்த பிறகும் சட்டை உரிப்பது பூச்சிகளில் மே பூச்சி மட்டும்தான். உரிப்பதற்கு முன் டன், பின் ஸ்பின்னர். அப்புறம் ஓடைக்கு மேலே புகை மாதிரி கூட்டம் கூடும். முட்டை இருக்கும்வரை பெண்ணின் வயிறு பச்சை கலந்திருக்கும், இட்டபின் வெளுத்துவிடும். காற்று ஏறத்தாழ 68 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது எல்லாம் இறக்கையை விரித்தபடி தண்ணீரில் விழும். மீன் தின்றது அதைத்தான்.

16 அதற்கு முன்னால் பருந்து மாதிரி. 22 அல்லது 24, இறக்கை தட்டையாக விரிந்த ஸ்பின்னர் ஃப்ளை போடுங்கள். அத்தனை தீனி மேலே மிதக்கும்போது மீன் பக்கவாட்டில் நகராது. ஒரே ஒரு மீனைப் பார்த்து, அது எழும் தாளத்துக்கு, அதன் மூக்கு நேரே மிதக்க விடுங்கள்.

தேம்ஸ் தமிழன்:
கேனிஸுக்கும் மூன்று வால், பின்னிறக்கை கிடையாது. இதைச் சொல்ல மறந்துவிட்டீர்களே.

மீன்கொத்தி77:
உண்மைதான் அண்ணே, குழப்பமே அங்கேதான். ஆனால் நீங்களே சாயங்காலம் என்றீர்கள், இவர் பார்த்தது காலையில். நெஞ்சும் கருப்பு என்கிறார்.

பேராசான்:
நேரத்தை வைத்துச் சொல்வது ஊகம். ஆணின் வால்முனையில் உள்ள இடுக்கியை நுண்ணோக்கியில் பாருங்கள்: கேனிஸில் ஒரே கணு, ட்ரைக்கோவில் மூன்று. நிம்ஃப் கிடைத்தால் இன்னும் எளிது. செவுளை மூடும் தகடு முக்கோணமாக இருந்தால் ட்ரைக்கோ, சதுரமாக இருந்தால் கேனிஸ். சிற்றினம் வரை போக வேண்டுமென்றால் ஆண் பூச்சி இல்லாமல் பேச்சே இல்லை. ஒன்றிரண்டை ஆல்கஹாலில் போட்டு வையுங்கள்.

வல்லநாட்டான்:
அவருக்கு வேண்டியது மீன் சார்.

நீர்க்காகம்:
22 கருப்பு ஸ்பின்னர் போட்டேன். மூன்று மீன், மூன்றையும் விட்டாச்சு. கொக்கிக் கண்ணில் நரம்பைக் கோக்கத்தான் கால் மணி நேரம். மிக்க நன்றி.

பேராசான்:
ஆண் பூச்சியை எடுத்து வைத்தீர்களா?