லாங்ஆர்ம் வாங்கியாச்சு, கூட என்ன வாங்கணும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொலம்பஸ், ஒஹாயோ

க்வில்ட் தைக்கப் புதிதாக லாங்ஆர்ம் மெஷின் வாங்கிய தோழி போன வாரம் கடையில் நின்றபடியே போன் செய்தாள். "பன்னிரண்டு ரூலர் சேர்ந்த செட் தள்ளுபடியில் இருக்கு, எடுக்கட்டுமா?" வேண்டாம் என்றேன். ஏன் என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், எல்லாவற்றையும் சேர்த்து அவளுக்கு அனுப்பிவிடலாம்.

இந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு மெஷினில் ஊசி ஒரே இடத்தில் நிற்கும், துணியை நாம் நகர்த்துவோம். லாங்ஆர்மில் துணி சட்டத்து உருளைகளுக்கு நடுவே கட்டப்பட்டு நிற்கும். தண்டவாளத்தில் ஓடும் மெஷினைக் கைப்பிடி பிடித்து நாம் ஓட்டுவோம். மேல் துணி, நடுவே பேட்டிங் என்ற பஞ்சு அடுக்கு, அடித் துணி மூன்றும் ஒன்றாகத் தைபடும், அதுதான் க்வில்ட். கோடு பிசகாமல் இருக்க, மெஷினின் பாதத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டும் அக்ரிலிக் தட்டுதான் ரூலர்.

என்னுடையது ஊசிக்குப் பின்னால் 18 அங்குல இடமுள்ள மெஷின், 10 அடிச் சட்டம். மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் உபயோகித்ததை வாங்கினேன். மெஷினுக்கே கையிருப்பு தீர்ந்துவிட்டதால், வீட்டு மெஷினுக்கு வைத்திருந்த ரூலரையே எடுத்து வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். அது அரைக்கால் அங்குலத் தடிமன். லாங்ஆர்மின் பாதம் ஒவ்வொரு தையலுக்கும் ஊசியோடு சேர்ந்து எம்பி இறங்கும். அது எம்பும் நொடியில் மெல்லிய ரூலர் அடியில் நுழைந்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊசி நேராக அக்ரிலிக்கில் குத்தி உடைந்தது. ஊசியோடு போயிருந்தால் சரி, அடியில் ஊசியின் நூலைப் பிடிக்கும் ஹூக்கின் டைமிங்கும் விலகிவிட்டது. அதன்பின் எந்த நூல் போட்டாலும் தையல் விட்டு விட்டு விழுந்தது. மெக்கானிக் வந்து சரிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று. பாதி தைத்த க்வில்ட் சட்டத்திலேயே கிடந்தது, அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனசு வலித்தது.

லாங்ஆர்முக்குக் கால் அங்குலத் தடிமன் ரூலர்தான். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

ரூலருக்கும் முன்னால் வாங்க வேண்டியது ரூலர் பேஸ். ஊசிக்குக் கீழே இருக்கும் கை குறுகலானது. அதன்மேல் பத்து அங்குல ரூலரை வைத்தால் தராசுத் தட்டு மாதிரி ஒரு பக்கம் சாயும். அந்தக் கையைச் சுற்றி மாட்டுகிற அகலமான பலகைதான் பேஸ். உங்கள் மெஷின் மாடலுக்கு என்று கேட்டு வாங்குங்கள், ஒன்றுக்குச் செய்தது மற்றொன்றில் உட்காராது. பேஸ் இல்லாமல் பன்னிரண்டு ரூலர் வைத்திருப்பது அடுப்பில்லாமல் பாத்திரம் வாங்கி அடுக்குவது போலத்தான்.

பிறகு ஒரே ஒரு நேர் ரூலர், இரண்டு அங்குல அகலம், பத்து அங்குல நீளம், கால் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டது. பாதத்தின் குறுக்களவு அரை அங்குலம், அதனால் ரூலர் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளித்தான் தையல் விழும். இந்தக் கணக்கு கைக்குப் பழகவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதற்குள் வளைவு ரூலர், வட்ட ரூலர் எதற்கு? ரூலரின் அடியில் வழுக்காத பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள், இடது கை வலி பாதி குறையும்.

இன்னொன்று, பலரும் கடைசியாக வாங்குவது, நான் முதலில் வாங்கச் சொல்வது: கீழ் நூல் சுற்றிய பாபினின் டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, அளக்கும் கேஜ். டோவா என்ற பெயரில் கிடைப்பதைத்தான் இங்கே பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள். எல் அளவு பாபினா, எம் அளவா என்று பார்த்து வாங்க வேண்டும். என் தங்கை மகனுக்குச் செய்த க்வில்ட்டைச் சட்டத்திலிருந்து இறக்கித் திருப்பினால், வளைவு வந்த இடமெல்லாம் மேல் நூல் பின்பக்கம் வந்து இமைமுடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம் அவ்வளவு அழகு! இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தேன். அதுவரை பாபின் கேஸைத் தொங்கவிட்டு ஒரு உலுக்கு உலுக்கி, சரியாக இருக்கிறது என்று கையாலேயே முடிவு செய்துகொண்டிருந்தேன். கை நாளுக்கு ஒரு மாதிரி சொல்லும், கேஜ் அப்படிச் சொல்லாது. இப்போது புது பாபின் போடும்போதெல்லாம் அளக்கிறேன். என் மெஷினுக்குக் கேஜ் 200-ஐ ஒட்டிக் காட்டினால் ஒத்துவருகிறது. கீழ் நூலை முதலில் நிலைநிறுத்திவிட்டு, மேல் நூலை மட்டும் திருகுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினால் விடிய விடியத் திருக வேண்டியதுதான்.

டாலஸ், டெக்ஸஸ்

பேஸ் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் சட்டத்தில் துணி ஏற்றுவது பற்றிச் சொல்கிறேன்.

அடித் துணி மேல் துணியைவிட நாலு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். ஒன்றரை அங்குலம் போதும் என்று நான் துணிந்தேன். துணியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கிளாம்ப் ஓரத்தைக் கவ்வியதும் மேலே உயர்ந்து நின்றது, மெஷின் போய் அதில் இடித்தது. தைத்த கோடு முழுக்கக் கோணலாகிவிட்டது.

அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை அடித் துணியாகப் போட ஆசைப்படுபவர்கள் கவனிக்க வேண்டும். துவைத்துத் துவைத்து மெலிந்த துணி கிளாம்ப் இழுக்கிற பக்கம் நீண்டுகொண்டே போகும். நான் கிளாம்பை மிகத் தளர்வாகவே மாட்டினேன், உருளையையும் விறைப்பாகச் சுற்றவில்லை. அடியிலிருந்து விரலால் தள்ளினால் மேலே லேசாக மேடு தெரிய வேண்டும், அவ்வளவு தளர்வு. அம்மா வந்தபோது அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்கினார்.

ஒட்டாவா, கனடா

அக்கா, நான் கோடு போடுற பேனாவைப் பற்றிச் சொல்லத்தான் வந்தனான். இஸ்திரிப்பெட்டி சூட்டில மறையிற பேனா நிறையப் பேர் பாவிக்கினம். நானும் ஒரு கல்யாணப் பரிசுக்கு முழுக்க அதாலதான் வரைஞ்சு தைச்சன். அயர்ன் பண்ண எல்லாம் மறைஞ்சுது, நல்ல சந்தோஷம். ஜனவரி மாதம், இரவு காருக்குள்ள வச்சிட்டுக் காலமை எடுத்துப் பார்த்தா, வெள்ளைத் துணியில அத்தனை கோடும் திரும்பி வந்திருக்குது! குளிரில அந்த மை திரும்பத் தெரியுமாம். எங்கட ஊர்க் குளிருக்கு அது சரிவராது. இப்ப நான் சுண்ணப்பொடி நிரப்பின பவுன்ஸ் பேட்தான் பாவிக்கிறன். டிசைன் வெட்டின ஸ்டென்சிலை வச்சு ஒருக்காத் தடவினாக் காணும். தண்ணியில மறையிற நீலப் பேனா எண்டா, அயர்ன் படமுதல் குளிர்ந்த தண்ணியில கழுவிப் போடுங்கோ. சூடு பட்டா அது துணியில நிலைச்சிடும்.

எடிசன், நியூஜெர்சி

எனக்குச் சொந்த மெஷின் கிடையாது. க்வில்ட் கடையில் ஒரு நாள் வகுப்பு முடித்துவிட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தைக்கிறேன். புதிதாக வருபவர்கள் ஆறு மாதம் இப்படித் தைத்துப் பார்த்த பிறகே ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து வாங்கலாம் என்பது என் எண்ணம்.

ஒரு ஏப்ரலில் கெண்டக்கியின் பதூகாவுக்குப் போயிருந்தேன், க்வில்ட் வீக் கண்காட்சி பார்க்க. ஒரு கடை முன்னால் ரூலர்களைப் புரட்டிக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் இருந்த எழுபது வயதுப் பாட்டி என் கூடையைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த சின்னப் பையைத் திறந்து காட்டினார். வளைந்த முனைக் கத்தரி, ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களே அந்த ஹீமோஸ்டாட் இடுக்கி, பஞ்சு தட்டும் பிரஷ், எண்ணெய்ப் பேனா. "முப்பது வருஷமா தினம் என் கையில் இருப்பது இவ்வளவுதான்" என்றார். பாபின் மாற்றும்போதெல்லாம் பஞ்சைத் துடைத்து ஹூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், டப்பாக் காற்றை மட்டும் அடிக்கக் கூடாது, அது பஞ்சை உள்ளே தள்ளிவிடும் என்றும் அவர்தான் சொன்னார்.

அவர் கையாலேயே க்வில்ட் செய்து வளர்ந்தவர். 1989-ல் அதே பதூகா கண்காட்சியில் மெஷினில் க்வில்ட் செய்த ஒன்று முதன்முதலாகத் தலைப் பரிசு வாங்கியது. கேரல் பிரையர் ஃபாலர்ட் செய்த 'கொரோனா 2: சோலார் எக்லிப்ஸ்' அது. மெஷினில் தைப்பதெல்லாம் ஒரு கலையா என்று கேட்டவர்களில் தானும் ஒருத்தி என்றும், அதன்பிறகுதான் மெஷினைத் தொட்டதாகவும் சொன்னார். நான் கூடையில் இருந்த ரூலர்களைத் திரும்ப வைத்துவிட்டு இடுக்கி ஒன்று வாங்கி வந்தேன். நுனி நூலைப் பிடித்து இழுக்க அதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது.

ஒரு சந்தேகம் கொலம்பஸ் அக்கா, ஆரம்பத்துக்கு எந்த நூல், எந்த ஊசி?

கொலம்பஸ், ஒஹாயோ

40 வெயிட் தடிமன் பாலியெஸ்டர் நூல், துணி நிறத்துக்கு நெருக்கமான ஒரே சாம்பல் அல்லது கிரீம். பெரிய கோனாக வாங்குங்கள். மேலேயும் கீழேயும் ஒரே நிறம் போட்டால் டென்ஷன் சற்று முன்னே பின்னே இருந்தாலும் புள்ளி புள்ளியாகத் தெரியாது. ஊசி 134 எம்ஆர் ரகம், 4.0 அளவு. பேக்கெட்டாகவே வாங்கி வையுங்கள், ஒவ்வொரு க்வில்ட்டுக்கும் நான் புது ஊசி போடுகிறேன்.

ஒட்டாவா தங்கை சொன்ன பேனா விஷயம் எனக்குத் தெரியாது. என்னிடம் அப்படி மூன்று இருக்கின்றன, இன்றைக்கே ஒரு துண்டுத் துணியில் கோடு போட்டு ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.