புதுப்பிப்பு: நா ட்ராங்கில் வாங்கிய அகில் கட்டை அசலா?

போன மாதம் கேட்டிருந்தேனே, வியட்நாமில் நா ட்ராங் நகரக் கடையொன்றில் வாங்கிய, மலை மாதிரி நிமிர்ந்து நிற்கும் அகில் கட்டை அசல்தானா, வீட்டில் எங்கே வைப்பது என்று. தெரிந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன், துணி கருப்பாகிவிட்டது. சாயம்! அறை முழுக்க வீசிய மணமும் மேலே ஊற்றிய எண்ணெயுடையதுதான். அசல் அகில் சூடுபட்டால்தான் நன்றாக மணக்கும்.

சைகோனில் எங்கள் வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் தன் வீட்டு முன்னோர் பீடத்தில் இருந்த கையளவுத் துண்டைக் காட்டினார். வெளிர் மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, பிசின் ஏறிய கருத்த வரிகளை மட்டும் விட்டிருந்தார்கள். மரம் காயப்பட்டு, பூஞ்சை தொற்றி, பல வருடம் ஊறிய பிசின் அது. நோய் வராத மரத்தில் மணமே கிடையாது. பட்ட காயம் மணமானதால்தான் வீட்டுக்கு நல்லது என்று வைக்கிறார்களாம். போ நகர் என்று அங்கே கும்பிடும் அம்மனே அகில் கட்டைக்குள் புகுந்து கடலில் மிதந்து போனதாக அங்கே ஒரு கதை. அவள் கோயில் நா ட்ராங்கில்தான், கட்டை வாங்கிய அன்றுதான் போயிருந்தேன்.

தரையில் வைக்காதே, சுத்தமான உயரமான இடத்தில் வை என்றார் வீட்டுக்கார அம்மா. சரி, அது அசலுக்கு. என்னுடையது இப்போதைக்குச் செருப்பு ஸ்டாண்டு மேல்.