மறுமொழி: பயணச்சீட்டை 'வேலிடேட்' செய்வதற்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

> 'செல்லுபடியாக்கல்' நேர்ப்பொருள் தருகிறது. கருவியைச் 'செல்லுபடியாக்கி' எனலாம்.

> மென்பொருள் பட்டியலில் 'சரிபார்த்தல்' இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். செக் நாட்டின் பிராக் நகரில் சீட்டைச் சரிபார்க்கத் தனியாக ஆள் இருக்கிறார். சாதாரண உடுப்பில் டிராமில் ஏறி, வில்லையைக் காட்டிச் சீட்டைக் கேட்பார். நாம் பேசுவது அதற்கு முன்னால் பயணி தானே செய்ய வேண்டிய வேலையைப் பற்றி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், 'சரிபார்க்க யாராவது வருவார்கள்' என்று நம் ஆள் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று பழகியவர்கள் நாம்.

அங்கே நடப்பது இதுதான். கடையில் வாங்கும் 30 நிமிடச் சீட்டிலோ 90 நிமிடச் சீட்டிலோ நேரம் எதுவும் இருக்காது. டிராமில் ஏறியதும் கதவருகே கம்பியில் மஞ்சள் பெட்டி இருக்கும். சீட்டில் அம்புக்குறி போட்ட முனையை அதற்குள் நுழைத்தால் 'கிர்ர்' என்று இழுத்து, தேதியையும் மணியையும் அச்சடித்துத் தரும். அந்த நொடியிலிருந்துதான் 30 நிமிடம் ஓடத் தொடங்கும். அதற்குள் 22ஆம் எண் டிராமை விட்டு இறங்கி மெட்ரோவுக்கோ பஸ்ஸுக்கோ மாறினாலும் அதே சீட்டு போதும். மாறும்போது மறுபடி அச்சடிக்கக் கூடாது, அடித்தால் சீட்டு வீண். மெட்ரோவில் தடுப்புக் கதவே கிடையாது. நகரும் படிக்கு முன்னால் அதே மஞ்சள் பெட்டிதான்.

ஆக, சீட்டில் ஏறுவது நேரம். 'செல்லுபடி' என்பது அதன் விளைவு. ஆங்கிலம் விளைவைப் பிடித்துப் பெயர் வைத்திருக்கிறது என்பதற்காக நாமும் வைக்க வேண்டுமா? செக் மொழியில் வெறும் 'குறியிடு' என்கிறார்கள். ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஜெர்மன் பேசுகிறவர்கள் நேர் எதிராக 'மதிப்பை நீக்கு' என்கிறார்கள். ஒருமுறை அச்சு விழுந்த சீட்டை இன்னொரு நாள் பயன்படுத்த முடியாதல்லவா, அந்தக் கணக்கு. ஒரே பெட்டி, ஆளுக்கொரு பார்வை.

என் பரிந்துரை: நேரம் குத்துதல். கருவி நேரங்குத்தி. சீல் குத்துவது, முத்திரை குத்துவது எல்லாம் நம் வாயில் ஏற்கெனவே உள்ளவை. பல்குத்தி ஞாபகம் வருகிறது என்று யாராவது சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாக்குவெட்டி, தேங்காய்துருவி வரிசையில் இதுவும் ஒன்று.

வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். "சீட்டைச் செல்லுபடியாக்கியில் செல்லுபடியாக்கவும்" என்பதை டிராம் கிளம்பும் அவசரத்தில் எவர் படிப்பார்? "ஏறியதும் சீட்டில் நேரம் குத்துங்கள். குத்தாத சீட்டு செல்லாது." முடிந்தது. டிராமுக்குள் வங்கி அட்டையைத் தொட்டு வாங்கும் சீட்டுக்கும் இது வசதி: "நேரம் குத்தியே வரும், மறுபடி குத்த வேண்டாம்."

வியன்னாவில் ஒற்றைச் சீட்டு ஒரு பயணத்துக்கு என்றுதானே கணக்கு, நேரம் எங்கே வந்தது என்று கேட்கலாம். அங்கும் பெட்டி அடிப்பது தேதியும் மணியும்தான். சொல் பொருந்தும்.

செயலியில் வாங்கும் சீட்டுக்கும் இதையே வைக்கலாமா என்று முந்தைய மடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே எதையும் குத்துவதில்லை, பொத்தானில் 'தொடங்கு' என்று போட்டால் போதும்.

அப்புறம், இந்த இழையிலேயே டிராமுக்குத் 'தண்டூர்தி' எனலாமா என்ற பேச்சு எழுந்தது. சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடியதை ஊரே டிராம் என்றுதான் சொன்னது. அதை விட்டுவிடுவோம்.

மறுப்பு இருந்தால் வாக்கியத்தோடு எழுதுங்கள், வெறும் சொல்லாக அனுப்பாதீர்கள். பிராக்கில் இரவு டிராம்கள் எல்லாம் வந்து சேரும் லாசர்ஸ்கா நிறுத்தத்துக்கு 'மாற்றுமையம்' என்று ஒருவர் போட்டிருக்கிறார். 'மாறுமிடம்' போதாதா என்பதை அடுத்த இழையில் பேசலாம்.