வீடு வாடகைக்கு விட்டவர்களின் அனுபவங்கள்: கரண்ட், தண்ணீர், அட்வான்ஸ்

வேலம்பாளையம் வீட்டுக்காரம்மா

திருப்பூரில் லைன் வீடு (வரிசையாகக் கட்டிய சிறு வீடுகள்) வைத்திருப்பவர்கள் சேர்ந்தால் முதல் பேச்சே "ஐந்தாம் தேதி ஆகியும் வாடகை வரவில்லை" என்பதுதான். எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் சனிக்கிழமைதான் சம்பளம். வாரக்கூலி வாங்குகிறவர் முழு வாடகையையும் ஒரே நாளில் எடுத்துக் கொடுத்தால், அந்த வாரம் மளிகைக்கு எங்கே போவார்? அதனால் நாங்கள் வாடகையை நான்காகப் பிரித்து ஞாயிறு காலையில் வாங்கிக்கொள்கிறோம். வாங்கும்போதே இரண்டு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம், ஒன்று அவர்களிடம், ஒன்று எங்களிடம். தீபாவளிக்கு போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பிவரப் பத்து நாளுக்கு மேல்கூட ஆகலாம். அந்த மாத வாடகையைக் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

வாடகையைவிடக் கசப்பைக் கொண்டுவருவது கரண்ட் பில். எங்களிடம் குடிவந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர், வீட்டைப் பார்ப்பதற்கு முன் மீட்டர் பெட்டியைக் காட்டச் சொன்னார். முன்பு இருந்த லைனில் ஐந்து குடும்பத்துக்கும் ஒரே இணைப்பாம். வீட்டுக்காரர் தன் கணக்குக்கு ஒரு விலை வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கியிருக்கிறார். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பல குடும்பங்கள் ஒரே இணைப்பில் இருந்தால் அந்த 100 யூனிட்டை எல்லோரும் பங்குபோட வேண்டியதாகிறது. மொத்தப் பயன்பாடு கூடும்போது யூனிட் விலையும் மேலே ஏறிவிடுகிறது. இரவெல்லாம் தைத்துவிட்டுப் பகலில் மின்விசிறிக்கு அடியில் படுக்கும் மனிதருக்கு அந்தக் காசு பெரிய காசு.

தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள போர்ஷன் என்றால் தனி இணைப்புக்கு மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள். அதுவரைக்கும் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனித்தனியாக உள்மீட்டர் வைத்து, மின்வாரிய பில்லை எல்லோருக்கும் காட்டி, வந்த தொகையை மட்டும் பிரித்து வாங்குங்கள். மோட்டாருக்கும் வாசல் விளக்குக்கும் எவ்வளவு ஆகிறது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அந்த டெய்லர் குடும்பம் இன்றும் எங்கள் லைனில்தான் இருக்கிறது. உங்கள் ஊர்களில் எப்படி என்று சொல்லுங்கள்.

பெருந்துறைக்காரர்

அக்கா, நீங்கள் கரண்டைச் சொன்னீர்கள், நான் அட்வான்ஸைச் சொல்கிறேன். ஈரோட்டில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் ஓர் ஆசிரியர் குடும்பம் இருந்தது. மாற்றலாகிக் காலி செய்தபோது, பெயின்ட் அடிக்க, குழாய் மாற்ற, வயரிங் பார்க்க என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொள்வதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பேச்சு தடித்தது. இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆசிரியர் தன் செல்போனை எடுத்துக் குடிவந்த அன்றே எடுத்த படங்களைக் காட்டினார். சுவரில் அப்போதே ஈரம் ஏறியிருந்தது. நான் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது குழாயும் வயரிங்கும் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆசிரியர் வீட்டில் உடைத்தது ஒரு ஜன்னல் கண்ணாடி மட்டும். அதற்கான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை வாசலிலேயே எண்ணிக் கொடுக்க வைத்தேன். வீட்டுக்காரரான மாமாவுக்கு என்மேல் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. இருக்கட்டும், நியாயம் அந்தப் பக்கம்தான்.

அட்வான்ஸைத் திருப்பித் தர ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாடகை பாக்கி வைத்தார் என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதை அந்தச் சட்டம் தடுக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவர் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வால்வை மூடிவிட்டார். மனது பதறுகிறது. இரண்டு மாத வாடகை நின்றால் முறைப்படி நோட்டீஸ் அனுப்பிக் காலி செய்யக் கேட்க வழி இருக்கிறது. அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்திருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர், இணையத்திலேயே பதிவு செய்யலாம். பதினொரு மாத ஒப்பந்தம்தானே என்று ஒரு பத்திரத்தில் எழுதிப் பீரோவில் வைத்துவிடுகிறோம். தகராறு வந்தால் அந்தத் தாள் நமக்கே துணை நிற்காது.

சரவணம்பட்டி

கோவையில் வீடு கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பதே "சிறுவாணித் தண்ணீர் வருமா?" என்றுதான். எங்கள் பக்கத்துக்கு அது வருவதில்லை. இதை மறைத்து வீடு விட்டால் அடுத்த மாதமே முகம் மாறும். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீர் எவ்வளவு உப்பு, லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் யார் காசு, மூன்றையும் அட்வான்ஸ் வாங்கும் முன் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீரால் ஷவர் அடைத்துக்கொள்வதும் ஹீட்டர் சுருள் போவதும் குடியிருப்பவர் குற்றம் அல்ல.

ஐடி கம்பெனிப் பிள்ளைகள் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள். பிளம்பரைக் கூட்டிக்கொண்டு நினைத்த நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது.

கரூர்

ஆடியில் வீடு காலியானால் ஆவணி பிறக்கும்வரை பால் காய்ச்ச யாரும் வரமாட்டார்கள். அந்த மாதத்தைத் தொட்டி கழுவவும் மொட்டை மாடி விரிசலை அடைக்கவும் வைத்துக்கொள்கிறேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

கோபிக்காரி

எல்லோரும் தண்ணீரையும் கரண்டையும் பேசுகிறோம். அதற்கும் முன்னால் கேட்கப்படும் ஒரு கேள்வி இருக்கிறது. வீட்டுத் தரகர் போனை எடுத்ததும் "என்ன ஆளுங்க?" என்கிறார். சம்பளம், வேலை, எத்தனை பேர் எல்லாம் பிறகுதான். நம் பக்கத்தில் இது எல்லா ஊரிலும் நடக்கிறது, நமக்குத் தெரியாதது அல்ல.

எங்கள் மாடி வீட்டைப் பார்க்க ஒரு செவிலியர் தன் அம்மாவோடு வந்தார். அரசு வேலை, பழைய வீட்டுக்காரரின் எண்ணைத் தானாகவே கொடுத்தார். பார்த்து முடித்ததும், "நாங்கள் இன்ன சமூகம், பின்னால் தெரிந்து காலி செய்யச் சொல்ல வேண்டாம், இப்போதே சொல்லிவிடுங்கள்" என்றார். அந்த அம்மா கீழே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை வாசலில் கேட்டிருந்தால் ஒருவர் கேட்கும் முன்பே இப்படிச் சொல்லப் பழகியிருப்பார்! சாவியை அன்றே கொடுத்துவிட்டோம். அதன்பின் தரகரிடம் சொல்லிவிட்டேன்: அந்தக் கேள்வியைக் கேட்டு யாரையும் எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், திருப்பியும் அனுப்ப வேண்டாம். நான் கேட்பது மூன்றுதான்: எங்கே வேலை, முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் பேசலாமா, அடையாள அட்டை நகல் தருவீர்களா. நல்ல குடித்தனக்காரர் கிடைக்க இது போதும். கறி சமைக்கக் கூடாது என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வாடகை வாங்கிய பிறகு அந்த அடுப்பு அவர்களுடையது.

வேலம்பாளையம் வீட்டுக்காரம்மா

கோபி அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் லைனில் ஒடிசா, பீகார் குடும்பங்களும் இருக்கின்றன. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, ஒடிசாப் பையன்கள் பையைக் கட்டிவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பி நின்றார்கள். ஊரில் அம்மாக்கள் போனில் அழுகிறார்கள். என் வீட்டுக்காரர் அவர்களோடு திண்ணையில் உட்கார்ந்து, காவல்துறை இந்தியில் வெளியிட்ட அறிவிப்பைப் போட்டுக் காட்டி, அவர்களில் ஒருவரின் அப்பாவிடம், அவர்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி மூலமாகவே பேசினார். இரண்டு பேர் ஊருக்குப் போனார்கள், மற்றவர்கள் தங்கிவிட்டார்கள்.

அன்றைக்கு உதவியது எங்களிடம் இருந்த விவரத் தாள்தான். ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல், ஊரில் பேசக்கூடிய ஒருவரின் எண், வேலை பார்க்கும் கம்பெனி, கூட்டிவந்த மேஸ்திரியின் எண். ஒரு நகல் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுத்திருந்தோம். ஆள் மாறும்போதெல்லாம் அந்தத் தாளைப் புதுப்பியுங்கள். ஓர் அறையில் எத்தனை பேர் என்பதையும் வாடகை பேசும்போதே முடிவு செய்யுங்கள். நான்கு பேருக்குப் பேசிய அறையில் எட்டுப் பேர் தங்கினால் கழிவறையும் தண்ணீர்த் தொட்டியும் தாங்காது, பக்கத்துக் குடும்பங்களோடு சண்டை வரும். ஒப்பந்தத்தில் உள்ளதை அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்து வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குகிறோம். பெருந்துறைத் தம்பி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யும்போது வெளிமாநிலத்தவருக்கு என்னென்ன நகல் கேட்டார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள், அடுத்த மாதம் இரண்டு போர்ஷனுக்குப் பதிய வேண்டியிருக்கிறது.