இன்யோ கவுண்டி: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

நார்த்ரிட்ஜிலிருந்து

"எந்த ஆத்துத் தண்ணிப்பா இது?" என்று அப்பா கேட்டார்.

போன வருடம் ஊரிலிருந்து வந்து எங்களோடு மூன்று மாதம் இருந்தார். ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். சில்மார் பக்கம் வலதுபுற மலைச்சரிவில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கும், அந்த வழியில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பதினோரு வருடமாக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறேன். அப்பாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். ஓவன்ஸ் ஆறு, இன்யோ கவுண்டி. அடுத்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதை எழுதுகிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஆனால் இன்யோவின் அளவு வேறு. பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோவுக்கு அடுத்த பெரிய கவுண்டி இதுதான். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 19,016 பேர். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆள்கூட இல்லை. நகராட்சி என்று இருப்பது பிஷப் ஒன்றுதான், அதிலும் நாலாயிரம் பேர் தேற மாட்டார்கள். தலைநகர் இண்டிபெண்டன்ஸ். நெடுஞ்சாலை 395 அதன் நடுவே ஓடுகிறது, வேகத்தைக் குறைக்காமல் போனால் ஊர் முடிந்துவிடும். நடுவில் வெள்ளைத் தூண்களோடு ஒரு பெரிய நீதிமன்றக் கட்டடம், 1921இல் கட்டியது.

லோன் பைன் என்ற ஊரில் இரவு தங்கினோம். காலையில் அறைக் கதவைத் திறந்தால் எதிரே விட்னி மலை, 4,421 மீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவிலேயே உயரமான சிகரம் அது. அதே கவுண்டியில், நேர்க்கோட்டில் சுமார் 135 கிலோமீட்டர் தள்ளி, வட அமெரிக்காவின் ஆகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகத்தை சியரா நெவாடா மலைத்தொடர் தடுத்து, தன் உச்சியில் பனியாக இறக்கிக்கொள்கிறது. கிழக்கே இருக்கிற பள்ளத்தாக்கில் மழை ரொம்பக் குறைவு. பனி உருகி ஓடிவரும் ஓடைகள்தான் அங்கே உயிர். அப்பா மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த வெள்ளை உருகினாத்தான் இங்க சோறு" என்றார்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஆதியிலிருந்து வாழ்பவர்கள் பையூட் மக்கள். அவர்கள் தங்கள் நாட்டுக்கு வைத்திருக்கும் பெயர் பயஹூனாடு, தண்ணீர் ஓடும் நிலம் என்று பொருள். பிஷப் ஓடையில் அணை போட்டு, வாய்க்கால் வெட்டி, கிழங்குச் செடிகளுக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். பாசனத்தைக் கவனிக்க ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பார்களாம். நம்மூர் நீர்ப்பாய்ச்சி வேலை அப்படியே. இதைக் கேட்டதும் அப்பா முகம் மலர்ந்தது.

1860களில் மாட்டு மந்தைகளோடு வெள்ளையர்கள் வந்தார்கள். மோதல் வந்தது. 1863 ஜூலையில் ராணுவம் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பையூட் மக்களைக் கோடை வெயிலில் தெற்கே டெஹோன் கோட்டை வரை நடத்திக்கொண்டு போனது. மூன்று வருடம் கழித்து, 1866இல், இன்யோ கவுண்டி உருவானது. துரத்தப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்து, தங்கள் நிலத்திலேயே பண்ணைக் கூலிகளாக வேலை பார்த்தார்கள்.

அப்புறம் வெள்ளி. ஓவன்ஸ் ஏரிக்கு மேலே செர்ரோ கோர்டோ மலையில் சுரங்கம் தோண்டினார்கள். 1872இல் பெஸ்ஸி பிரேடி என்ற நீராவிப் படகு ஏரியின் குறுக்கே வெள்ளிப் பாளங்களை ஏற்றிப் போனது. ஏறக்குறைய 280 சதுர கிலோமீட்டர் ஏரி அது. அதன் கரையில் நின்றபோது எங்கள் முன்னால் இருந்தது சாம்பல் நிறத் தரையும் உப்பும்தான்.

ஏரி போன கதைதான் என் குழாயின் கதை. 1905இல் லாஸ் ஏஞ்சல்ஸின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் இங்கே வந்து நிலங்களை வாங்கினார். மத்திய அரசு பாசனத் திட்டம் கொண்டுவரப்போகிறது என்று விவசாயிகள் நம்பியிருந்த நேரம் அது. நிலம் நகரத்துக்குப் போனது, நிலத்தோடு தண்ணீர் உரிமையும் போனது. நகரத்தின் நீர்ப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் 233 மைல் நீளத்துக்குக் கால்வாய் கட்டினார். பம்பு ஒன்றுகூட இல்லை, முழுக்க வாட்டத்திலேயே ஓடுகிறது. வாய்க்கால் பார்க்கும் வேலையில் தொடங்கியவர் அவர், அந்த மனிதரின் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1913 நவம்பர் 5 அன்று சில்மாரில் மதகு திறந்தபோது கூட்டத்தைப் பார்த்து அவர் சொன்னது: "இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்." அப்பா கை நீட்டிக் கேட்டது அதே தண்ணீரைத்தான்.

அடுத்த பத்து, பதினைந்து வருடத்தில் ஏரி வற்றியது. லோன் பைனுக்குச் சற்று வடக்கே அலபாமா மதகு இருக்கிறது. 1924 நவம்பரில் உள்ளூர்க்காரர்கள் சுமார் எழுபது பேர் அதைக் கைப்பற்றி, தண்ணீரைப் பழைய ஆற்றுக்கே திருப்பிவிட்டார்கள். நாலு நாள். குடும்பங்கள் வந்து அங்கேயே சமைத்துச் சாப்பிட்டிருக்கின்றன. கால்வாயை வெடி வைத்துத் தகர்ப்பதும் சில வருடம் நடந்தது. 1927இல் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய வாட்டர்சன் சகோதரர்களின் வங்கிகள் மூடப்பட்டன. பண மோசடிக் குற்றத்துக்காக அண்ணன் தம்பி இருவரும் சிறைக்குப் போனார்கள். ஊர்க்காரர்களின் சேமிப்பும் போராட்டமும் ஒரே நாளில் முடிந்த மாதிரிதான்.

இன்றைக்கும் கவுண்டியில் தனியார் கையில் உள்ள நிலம் 2 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதில் பெரும்பகுதி மத்திய அரசுடையது, பள்ளத்தாக்கின் சமதரையில் பெரும்பாலானது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துடையது. மக்கள்தொகை ஏன் ஏறவில்லை என்பதற்குப் பெரிய காரணம் இதுதான். ஊர் வளர மனை இல்லை.

*

சாக்ரமெண்டோவிலிருந்து

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் லோன் பைனிலிருந்து இண்டிபெண்டன்ஸ் போனபோது, நடு வழியில் இடதுபக்கம் ஒரு காவல் கோபுரம் பார்த்திருப்பீர்கள். அது மன்சனார். என் பெண் எட்டாம் வகுப்பில் இதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்ததால் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜப்பான் நடத்திய பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை வீட்டை விட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். மன்சனார் அதில் ஒன்று. 1942 மார்ச்சிலிருந்து 1945 நவம்பர் வரை. நெரிசல் உச்சத்தில் இருந்தபோது பத்தாயிரம் பேருக்கு மேல். 1940 கணக்கெடுப்பில் இன்யோ கவுண்டி முழுவதற்குமே எட்டாயிரம் பேர் இல்லை! கவுண்டியின் மக்கள்தொகையை விடப் பெரிய ஊர் ஒன்றை ஒரு சதுர மைலுக்குள், முள்வேலிக்குள் கட்டியிருக்கிறார்கள். அடைபட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள்.

உங்கள் தண்ணீர்க் கதை இங்கேயும் வருகிறது. மன்சனார் என்றால் ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம். 1910 வாக்கில் அங்கே பழத்தோட்டங்களோடு ஒரு கிராமம் இருந்தது. 1920களில் நகரம் நிலத்தை வாங்கியது, கிராமம் காலியானது. அந்தக் காலி நிலத்தில்தான் முகாம். அதற்கும் முன்னால் அது பையூட் மக்களின் இடம். ஒரே மண்ணிலிருந்து மூன்று முறை மனிதர்களைப் பெயர்த்திருக்கிறார்கள். முகாமில் இருந்தவர்கள் அந்தப் பழைய பேரி, ஆப்பிள் மரங்களுக்குக் கவாத்து செய்து, தண்ணீர் விட்டு, மறுபடி காய்க்க வைத்தார்கள். சில மரங்கள் இன்னும் நிற்கின்றன, நாங்கள் தொட்டுப் பார்த்தோம்.

மறுகட்டுமானம் செய்த தங்கும் கொட்டகை ஒன்றில் நுழைந்தால் பலகை இடுக்கு வழியாகக் காற்று மணலோடு அடிக்கிறது. கழிப்பறைக் கட்டடத்தில் தடுப்பே இல்லாமல் வரிசையாகப் பீங்கான்கள். என் பெண் உள்ளே போய்விட்டு உடனே வெளியே வந்தாள். அதுவரை கேள்வி மேல் கேள்வி கேட்டவள் அப்புறம் பேசவில்லை. கூடவே, அவர்கள் கல் அடுக்கிக் கட்டிய சின்னச் சின்னக் குளங்களையும் தோட்டங்களையும் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிற இடத்தில் ஒரு குளம். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மேற்கு ஓரத்தில் கல்லறைத் தோட்டம். 1943இல் அவர்களே எழுப்பிய வெள்ளைத் தூணில் ஜப்பானிய எழுத்து, பின்னால் பனிமலை. அதன் அடியில் காகிதக் கொக்குகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

*

லாஸ் வேகாஸிலிருந்து

நான் பக்கத்து மாநிலம். எனக்கு இன்யோ என்றால் மரணப் பள்ளத்தாக்குதான், டெத் வேலி. அதன் பெரும்பகுதி இந்தக் கவுண்டியில்தான் வருகிறது.

முதல் தடவை ஜூலையில் போனேன், தப்பு. டவுன் கணவாயில் ஏறும்போது 'ஏசியை அணைக்கவும்' என்று பலகை இருக்கிறது. குழந்தை பின்னால் இருக்கிறதே என்று அணைக்கவில்லை. பாதி ஏற்றத்தில் எஞ்சின் சூடு சிவப்புக்குப் போய்விட்டது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றோம். கையில் இருந்த தண்ணீர் நாலு பாட்டில். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரிதான் இன்றும் உலகச் சாதனைப் பட்டியலில் இருக்கிறது. தயவுசெய்து கோடையில் போகாதீர்கள், போனால் ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை 2024 பிப்ரவரி. முந்தைய ஆகஸ்டில் ஹிலரி புயல் வந்து, ஒரு வருடத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. சாலைகள் அரித்துக்கொண்டு போய், டெத் வேலி தேசியப் பூங்காவை இரண்டு மாதம் மூடி வைத்தார்கள். பேட்வாட்டரில் உப்புத் தரையின் மேல் ஏரி தேங்கிவிட்டது. பிப்ரவரியில் பெய்த மழை அதை மறுபடி நிரப்பியது. உப்புத் தரை பார்க்கப் போன நான் கணுக்கால் தண்ணீரில் நடந்தேன். மலை முழுசாகத் தண்ணீரில் தெரிந்தது. மாமியார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தீர்த்தத்தில் இறங்குவது மாதிரி இறங்கினார்.

இங்கேயும் ஒரு மக்கள் இருக்கிறார்கள், டிம்பிஷா ஷோஷோனி. 1933இல் இதை அரசு பாதுகாக்கும் இடமாக (நேஷனல் மான்யுமெண்ட்) அறிவித்தபோது இவர்களை யாரும் கேட்கவில்லை. விடாமல் போராடி, 2000இல் தனிச் சட்டம் மூலம் 7,754 ஏக்கர் திரும்பப் பெற்றார்கள். ஃபர்னஸ் கிரீக்கில் அவர்கள் கிராமம் இருக்கிறது. 'மரணப் பள்ளத்தாக்கு' என்பது 1849இல் வழி தவறி வந்த தங்க வேட்டைக்காரர்கள் வைத்த பெயர். தலைமுறை தலைமுறையாகக் குழந்தை பெற்று வளர்த்த இடத்துக்கு அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

*

சான் ஹோசேயிலிருந்து

சுருக்கமாக ஒன்று. பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கம் வெள்ளை மலைகள் இருக்கின்றன, அதை யாரும் சொல்லவில்லையே. பிக் பைனிலிருந்து ஏறினால் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் ஷுல்மன் தோப்பு. பிரிஸ்டில்கோன் பைன் மரங்கள். அதில் மெதுசலா என்ற மரத்துக்கு 4,800 வயதுக்கு மேல். எது என்று காட்டும் பலகை கிடையாது, யாராவது சேதம் செய்துவிடுவார்கள் என்று மறைத்து வைத்திருக்கிறார்கள். நல்ல மண்ணில் இருக்கும் மரங்களை விட, வேறெதுவும் முளைக்காத சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மண்ணில் மெதுவாக வளரும் மரங்கள்தான் அதிக வருடம் இருக்கின்றன. கட்டை அவ்வளவு அடர்த்தி. மேலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும், மெதுவாக நடங்கள். குளிர்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள்.

*

நார்த்ரிட்ஜிலிருந்து, மறுபடி

மன்சனாரைத் தாண்டித்தான் போனோம், நிறுத்தவில்லை. கோபுரத்தைப் பார்த்து ஏதோ பழைய ராணுவ முகாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாக்ரமெண்டோ தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு அவருக்குப் போன் செய்து சரியாகச் சொன்னேன்.

ஏரியைப் பற்றி முழுதாகச் சொல்லாமல் விட்டேன். வற்றிய ஏரிப் படுகையிலிருந்து எழுந்த தூசி பல வருடம் அந்தப் பக்கத்து மக்களின் நுரையீரலைக் கெடுத்தது. நாட்டிலேயே மோசமான தூசி அதுதான். கடைசியில் நகரமே நூறு கோடி டாலர் கணக்கில் செலவழித்து, படுகையில் ஆழமில்லாமல் தண்ணீர் பாய்ச்சியும் சரளை பரப்பியும் தூசியை அடக்க வேண்டி வந்தது. அந்தத் தண்ணீருக்குப் பறவைகள் வந்துவிட்டன. 2006 டிசம்பரில் கீழ் ஓவன்ஸ் ஆற்றிலும், 62 மைல் தூரத்துக்கு, மறுபடி தண்ணீர் விட்டார்கள். அளந்து விடுகிற கொஞ்சம் தண்ணீர்தான். ஆனாலும் ஆறு நாணல் சூழ ஓடுகிறது. அப்பா இறங்கி ஒரு கை அள்ளி முகம் கழுவிக்கொண்டார். "இதுல எவ்வளவு உங்க வீட்டுக்கு வருது?" என்று கேட்டார். ஆற்றில் விட்ட தண்ணீரும் ஏரியை எட்டுவதற்கு முன்னால், தேவைக்குப் போக மிச்சத்தைப் பம்பு வைத்துக் கால்வாய்க்கே எடுத்துவிடுகிறார்கள் என்று சொன்னேன். எதுவும் பேசாமல் கரை ஏறினார்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை மன்சனாருக்கு ஆண்டுதோறும் யாத்திரை மாதிரி மக்கள் போகிறார்களாம், 1969இலிருந்து. இந்த முறை நானும் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் போகிறோம். சாக்ரமெண்டோ தங்கச்சி, நீங்கள் வருவதாக இருந்தால் லோன் பைனில் அறை இப்போதே எடுத்துவிடுங்கள். சின்ன ஊர், கடைசி நேரத்தில் கிடைக்காது.